படிக்கட்டின் அகலம்

கோட்டின் மேல் கால் படாமல் நின்றார் அவர்.

வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, தோளில் துண்டு. கூட்டத்தில் உட்காராதவர் அவர் ஒருவர்தான்.

மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் வீடு வரைந்திருந்தார்கள். கூடம், சமையலறை, கழிப்பறை. வெளியே வராந்தா. அதன் முனையில் லிஃப்ட்டுக்கு ஒரு சதுரம், பக்கத்தில் படிக்கட்டு.

எல்லாம் அசல் அளவு.

பழைய அடுக்குமாடியை இடித்துவிட்டு இதைத்தான் கட்டப்போகிறார்கள். வரைபடம் முடிவாகும் முன் குடியிருப்பவர்கள் நடந்து பார்த்துச் சொல்லட்டும் என்று வரவழைத்திருந்தாள் இன்ஜினியர். சின்ன வயதுப் பெண்.

நடந்து பார்த்தார்கள். சொன்னார்கள். துணி காயப்போட இடம் வேண்டும். கழிப்பறைக் கதவு அடுப்பைப் பார்க்கக் கூடாது. அந்தப் பெண் காது கொடுத்துக் கேட்டாள். நியாயம் என்று பட்ட இடத்தில் கோட்டைச் செருப்புக் காலால் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள்.

அவர் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படி திரும்புற எடம் பத்தாது."

"ரெண்டு பேர் தாராளமாப் போலாமேய்யா. எதுக்குப் பத்தாது?" என்றாள் அந்தப் பெண்.



"இன்னா நைனா, புது பீரோ வாங்கப்போறியா?" என்றது பின்வரிசை. "அதான் லிஃப்ட்டு வருதே."

சிரித்தார்கள்.

"லிஃப்ட்டு நிக்கிறவங்களுக்கு," என்றார்.

எதிர்வீட்டுத் தேசிங்கு மட்டும் சிரிக்கவில்லை.

அவர் மனைவி பழைய அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் இறந்தாள். கட்டிலோடு தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் கட்டில் திரும்பவில்லை. கீழே ஐஸ் பெட்டி காத்திருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அவளை அதில் உட்காரவைத்து, அவள் புடவையாலேயே கட்டி இறக்கினார்கள்.

ஒவ்வொரு படிக்கும் தலை ஆடியது.

வாசலுக்கு வாசல் நின்று பார்த்தார்கள்.

அந்நியர் எதிரில் ஒருநாளும் தலைப்பு விலகாதவள்.

அந்த நாளைப் பற்றி அதன் பிறகு யாரும் அவரிடம் பேசியதில்லை. அவர் பேசவிட்டதும் இல்லை.

தேசிங்கு எழுந்து டீக்கடைப் பக்கம் போனான். வாசலில் கிடந்த நாடாக் கட்டிலோடு திரும்பினான். கூப்பிடாமலே இன்னும் மூன்று பேர் எழுந்து வந்தார்கள். அன்று தூக்கியவர்கள்.

நால்வரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு சுண்ணாம்புப் படிகளில் நடந்தார்கள். திரும்பும் இடத்தில் கட்டிலின் முன்பக்கம் கோட்டைத் தாண்டி நின்றது.

சுவர் வரப்போகும் இடம்.

"கொஞ்சம் சாய்ச்சாப் போயிடும்," என்றாள் அந்தப் பெண். "காலிக் கட்டில்தானே."

அவள் சொன்னதில் தவறில்லை.

தேசிங்கு அவரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

அவர் செருப்பைக் கழற்றினார்.

துண்டை உதறி மடித்தார்.

"வை கீழ," என்றார்.

கட்டிலைத் தரையில் வைத்தார்கள். துண்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, அத்தனை பேர் எதிரில், மல்லாந்து படுத்தார்.

"வாணாம் நைனா. உசுரோட இருக்கசொல்ல ஆவாது." ஒரு பெண்குரல்.

அவர் வேட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். கால்களை நீட்டினார். இரண்டு கட்டைவிரல்களையும் ஒன்றாகச் சேர்த்துவைத்தார்.

பின்வரிசை அடங்கியது.

"தூக்கு. சாய்க்காமத் திருப்பு."

நால்வரும் தூக்கினார்கள். கட்டில் பாதி திரும்பியது. அதற்கு மேல் போகவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் கிட்டே வந்தாள். செருப்பைக் கோட்டுக்கு வெளியே விட்டாள்.

குனிந்து, கையால் அழிக்கத் தொடங்கினாள்.