கோமளாவிடம் மட்டும் சொன்னது

டிவி தொடரின் வில்லி கோமளாவை வைத்து ரசிகர் கதை எழுத உட்கார்ந்த சுகிர்தாவுக்கு, அவள் மனம் பிடிபடவே இல்லை. ஏஐ வந்தபின் தொடர்களின் கதாபாத்திரங்களோடு யார் வேண்டுமானாலும் போனில் பேசலாம் என்பதால், கோமளாவையே கேட்டாள்.

"தங்கச்சி செத்தப்ப நீங்க ஏன் அழல?"

"நீ யாரையும் பறிகொடுத்ததில்லையாடி? அப்ப உனக்கு என்ன தோணுச்சு? எங்கிட்ட மட்டும் சொல்லு."

தன் அக்கா இறந்த அன்று மனதில் ஓடியதை, சுகிர்தா தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டாள்.

மறுவாரத் தொடரில் கோமளா தங்கையின் படத்தின் முன் நின்றாள்.

"நீ போனதும் எனக்கு முதல்ல தோணுனது என்ன தெரியுமா? இனிமே ஜன்னலோரக் கட்டில் எனக்குத்தான்."

"அடிப்பாவி! இப்படியும் ஒருத்தி இருப்பாளா?" என்று அம்மா திரையைத் திட்டினாள். பிறகு சட்டென்று பேச்சை நிறுத்தி, அக்காவின் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சுகிர்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.