மலைவேந்தனுக்காக நடந்தவன்

"விளையாடறதுக்கே ஆள் வெச்சுக்கறானா? இனிமே கொட்டாவி விடவும் ஒரு ஆளைத் தேடுவான்!"

மேஸ்திரி சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. அங்கே அக்கா கரண்டியை ஓங்கித் தட்டினாள். 'இன்னும் நல்லாக் கேளுங்க' என்று அதற்கு அர்த்தம்.

மேஸ்திரியின் மச்சினன் கேம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவருக்கு கேம் ஆட நேரமில்ல மாமா. வேலைக்குப் போற மனுஷன். மேப்ல இருட்டாக் கிடக்கிற இடத்துக்கெல்லாம் அவர் கணக்குல நான் நடந்து போனா, அந்த இடம் வெளிச்சமாயிடும். அப்புறம் அவர் நினைச்ச மாத்திரத்துல அங்க போய் நிக்கலாம்."

"அந்தத் துரைக்குப் பேரு?"

"மலைவேந்தன்னு வெச்சிருக்கார். நிஜப் பேர் தெரியாது. மெசேஜ்தான் அனுப்புவார்."

"மலைவேந்தனாம்! மலையேறக் கூலிக்கு ஆள் பிடிச்ச வேந்தன்!"

மேஸ்திரி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கால் விரல் இடுக்குகளில் சிமென்ட் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது.

செல்போன் ரிப்பேர் கடையை மூடியதிலிருந்து நாலு மாதமாக அவனுக்கு இதுதான் பிழைப்பு. இன்று பொழுது சாய்வதற்குள் மேப் முழுவதும் திறந்தாக வேண்டும். திறந்தால் கேமில் புதிதாக வந்திருக்கும் தீவில் நடக்கிற வேலையும் அவனுக்கே. இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக வேந்தன் காலையில் செய்தி அனுப்பியிருந்தான். அதைக் கேட்டதும் அக்காவும் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். இந்த வேலையும் போனால் நாளைக் காலையில் மாமாவோடு கட்டடத்துக்கு, சித்தாளாக. அங்கே ஏழாவது மாடிக்குக் கலவைச் சட்டி சுமக்க ஆள் குறைகிறதாம். அவனுக்கோ இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கும்.

மிச்சம் இருந்தது வடக்கு மூலை மட்டும்தான். அங்கே செங்குத்துப் பாறைமேல் மூடுபனிக் கோட்டை. வாசல் எங்கே என்று காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தான்.

"சாரம் கட்டவே இடமில்லாத பாறையில இந்தக் கோபுரத்தை எவன் எழுப்பினான்?" என்றார் மேஸ்திரி. "ரசமட்டம் வெச்சுப் பார்த்தா சந்தி சிரிச்சிடும். சரி, உன் வீரன் நாலு மாசமா நடக்கிறானே, செருப்பு தேஞ்சுதா?"

"அது தேயாது மாமா."

"தேயாதுதான். நடக்கிறவனுக்குத்தானே தேயும்."

வீரன் பாறையில் பாதி ஏறி, வழுக்கி, தலைகுப்புற விழுந்தான். இது ஒன்பதாவது தடவை. மறு நொடி தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"அட, எழுந்துட்டான்! எங்க சாரத்துலேர்ந்து விழுந்தவன் எவன்டா எழுந்தான்?"

அவன் பொத்தான்களை வெறுமனே அழுத்திக்கொண்டிருந்தான். ஜன்னலில் வெயில் மஞ்சளாக இறங்கியிருந்தது.

கரண்டிச் சத்தம் நின்றது. அக்கா கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் பின்பக்கம் போயிருந்தாள். மேஸ்திரியின் குரல் ஒரு படி இறங்கியது. முக்காலி ஒரு முழம் முன்னே நகர்ந்தது.

"மேற்குச் சுவரைப் பார்த்தியா?"

"பார்த்தாச்சு மாமா. எங்கேயும் வாசலே இல்ல."

"வாசலைத் தேடினா எப்படிக் கிடைக்கும்? நாலு மாசமா எத்தனை அரண்மனை பார்த்திருப்ப, ஒண்ணுலயாவது ஒரு கக்கூஸ் உண்டா? உங்க ராஜாவுக்கெல்லாம் வயிறே கிடையாதா? எந்த மடையன் கட்டினாலும் உள்ள ஊத்தின தண்ணி வெளிய போய்த்தானே ஆகணும். வாசலை விட்டுத் தொலை. சாக்கடையைத் தேடு. அதோ, அந்தச் சுவர்ல பாசி பிடிச்சிருக்கு பாரு, அதுக்குக் கீழ போ."

வீரன் பாசியைத் தொட்டுக்கொண்டே இறங்கினான். புதருக்குப் பின்னால் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. குனிந்து உள்ளே போனான். இருட்டு, தண்ணீர், படிகள். மேலே வந்ததும் எங்கோ கொம்பு ஊதியது. பனி விலகியது. வடக்கு மூலையும் வெளுத்து, மேப் முழுவதும் பளிச்சென்று விரிந்தது.

"மாமா! முடிஞ்சுது மாமா!"

"பெரிய சாதனை. சாக்கடைக்குள்ள போயிட்டு வந்ததுக்கு மாலை போடணுமா?"

அவன் அவசரமாக வேந்தனுக்கு 'முடிந்தது' என்று செய்தி அனுப்பினான். அதற்குள் துணி மூட்டையோடு அக்கா வந்து நின்றாள்.

"என்னங்க, நாளைக்கு இவனைக் கூட்டிட்டுப் போறீங்களா இல்லையா?"

மேஸ்திரியின் குரல் பழையபடி உச்சத்துக்கு ஏறியது. "இவனையா? சட்டியைத் தூக்கச் சொன்னா ஏழாவது மாடிக்கு மேப் கேட்பான்! இந்தச் சோம்பேறியை அங்க கூட்டிட்டுப் போய் என் மானத்தை வாங்கச் சொல்றியா? இங்கேயே கிடந்து தொலையட்டும்!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கால் கழுவுவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு துணிகளை மடிக்க உட்கார்ந்தாள்.

அவன் செல்போன் ஒளிர்ந்தது. மலைவேந்தன்தான்.

'வேலை சுத்தம். நாளைக்குப் புதுத் தீவை ஆரம்பி. ஆனா சாக்கடையைக் காட்டினது நான், அதனால இன்னிக்குப் பாதிக் கூலிதான். அக்காகிட்ட மூச்சு விட்டுடாத மாப்ள.'