ஜன்னலடிப் பாசி

விற்கப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் சமையலறை ஜன்னலுக்கு வெளியே கம்பிப் பிரஷ்ஷோடு நிற்கிறார். "காஞ்ச அழுக்கும்மா, சுரண்டிடுறேன்." தாவரவியல் டீச்சரான அக்கா லென்ஸோடு குனிகிறாள். செங்கலைத் தொடாமல், இடையிலுள்ள சுண்ணாம்புக் கோட்டில் மட்டும் சாம்பல் நிற மெத்தை. இலை நுனிதோறும் ஒரு நரைமுடி. சுவர்ப்பாசியேதான். இங்கே மட்டும் ஏன்? "அப்பா டீ டம்ளர அலசி ஊத்துவாரே, அந்த எடம்க்கா," என்கிறாள் ஜன்னலுக்குள் நிற்கும் தங்கை. அம்மா திட்டத் திட்ட, போன வருஷம் கண்மூடும்வரை ஊற்றினார். "செத்துப்போச்சா?" "பாசி அவ்வளவு லேசுல சாகாதுடி. தண்ணி ஊத்து." தங்கை ஒரு டம்ளரைச் சாய்க்கிறாள். சாம்பல் மெல்லப் பச்சையாகிறது. சுவரில் தண்ணீர் விழுந்த சத்தத்துக்குக் கூடத்திலிருந்து அம்மா சீறுகிறாள்: "ஏங்க, எத்தனை தடவ சொல்றது உங்களுக்கு? சிங்க்குல ஊத்துங்கன்னு!" பிறகு எழுந்து வந்து, தங்கையின் கையிலிருக்கும் டம்ளரைப் பார்க்கிறாள்.