முனியப்பன் வேண்டாம்னு சொன்ன கெடா

“கெடா வெட்டற அன்னிக்கு இந்த ஊட்டுல இருக்க மாட்டாளாமா? அப்ப அவங்கம்மா ஊட்டுக்கே போகச் சொல்லுடா!”

மாரக்காள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறியே ஒரு நிமிசம் நின்றுவிட்டது. குமரன் வாசப்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். உள்ளே அம்மா, வெளியே பொண்டாட்டி. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொன்னவன் கட்டாயம் கல்யாணமானவனாகத்தான் இருக்கணும்.

விசயம் இதுதான். போன வருசம் குமரன் பைக்கோடு லாரியில் மோதி, சேலத்து ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் நினைவில்லாமல் கிடந்தான். மாரக்காள் ஊர் முனியப்பன் முன்னால் மடியேந்தினாள். “எம் பையன் எந்திரிச்சு நடந்தா உனக்கு ஒரு மேச்சேரிக் கெடா வெட்டறேன் சாமி!”

மருமகள் பாவனா, சேலத்து ஜவுளிக்கடை சேட்டு வீட்டுப் பெண். ஜைனக் குடும்பம், காதல் கல்யாணம். அவள் தன் முறைப்படி எட்டு நாள் வெறும் வெந்நீர் குடித்து விரதம் இருந்தாள்.

குமரன் பிழைத்துக்கொண்டான். டாக்டர் பேரை மட்டும் இன்றுவரைக்கும் யாரும் எடுக்கவில்லை.

“ஒரு உயிரைக் கொன்னு உங்க உயிருக்கு நன்றி சொல்றதா? எங்க வீட்ல எறும்பை மிதிச்சாலே பாவம்ங்க” என்று பாவனா அழுதாள்.

“சாமிக்குக் குடுத்த சொல்லு தப்புனா அதாண்டா பாவம்! நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவன் முன்னாடி போய் நிப்பேன்?” என்றாள் மாரக்காள்.

ஒருத்தியாவது வீம்புக்குப் பேசினால் அதட்டி உட்கார வைக்கலாம். ரெண்டு பேருமே மனசாரப் பேசினார்கள். அதுதான் வம்பே!

சனிக்கிழமை சாயங்காலம் குமரன் பூசாரி கந்தப்பனைப் போய்ப் பிடித்தான். வெட்டுவதற்கு முன்னால் கெடா மேல் மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் சாமி உத்தரவு. அப்புறம்தான் அருவாள் இறங்கும். துலுக்காவிட்டால் சாமிக்கு வேண்டாம் என்று கயிற்றை அவிழ்த்துவிட வேண்டியதுதான். ஆனால் துலுக்காத கெடாவை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

“ஏனுங்க பூசாரி, நாளைக்குக் கெடா துலுக்காம இருக்க ஏதாச்சும் வழி...”

“தம்பி! முனியப்பனையே ஏமாத்தச் சொல்றீங்களா? போங்க, போய்ப் பந்தல் வேலையைப் பாருங்க.”

விரட்டாத குறைதான்.

ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் எல்லாம் கோயிலில் கூடிவிட்டார்கள். பாவனா வரமாட்டாள் என்றுதான் ஊரே நினைத்தது. வந்துவிட்டாள்! வேப்பமரத்து ஓரமாகக் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். மாரக்காள் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். கெடா அசையவில்லை.

“உத்தரவு குடு சாமி!” என்று கூட்டம் கத்தியது. இன்னொரு சொம்பு. ம்ஹும்.

மூணாவது சொம்பும் ஊற்றியாயிற்று. கெடா சாவகாசமாகக் கழுத்து மாலையில் ஒரு வாய் கடித்து மென்றது.

“சாமிக்கு வேண்டாமாமுங்க” என்று பூசாரி அருவாளைக் கீழே வைத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

“மருமவ மொகத்தைப் பாரு, ஜெயிச்சுட்டா” என்று பெரியப்பா காதுபடவே சொன்னார். கறிச்சோற்றுக்கு வந்த பங்காளிகள் பருப்பும் ரசமும் சாப்பிட்டு முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். மாரக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். குமரனுக்குப் பாவமாக இருந்தது.

கூட்டம் போனதும் பழத்தட்டோடு பூசாரியிடம் போனான்.

“நேத்து அந்த வெரட்டு வெரட்டுனீங்க. ஆனாலும் எனக்காகச் செஞ்சுட்டீங்களே! நீங்க நல்லா இருக்கோணுமுங்க.”

“உங்களுக்காகவா? அட போங்க தம்பி!” பூசாரி சிரித்தார். “காலைல நான் கோயில் நடை தெறக்கறதுக்கு முன்னாடியே உங்கம்மா வந்து நின்னாங்க. காதுக்குள்ள ஒரு சொட்டு எறங்குனா எந்தக் கெடாவும் துலுக்கிப்போடும்னு அவங்களுக்குத் தெரியாதுங்களா? ‘காதுல படாம ஊத்து கந்தப்பா. அந்தப் புள்ளைக்கு அது பாவம்னா எனக்கும் பாவந்தான். சாமியை ஏமாத்துன குத்தம் என் தலையில எறங்கட்டும். ஊட்டுல மட்டும் மூச்சு உட்ராதே’ன்னு ஒரே அழுகை. வேண்டுனவங்களே சொல்றப்ப நான் யாருங்க குறுக்க நிக்க?”

குமரன் பழத்தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டான். எங்கம்மாவா! பெத்த தாயை இத்தனை வருசம் பார்த்தும் தெரிந்துகொள்ளவில்லையே!

“இதை இப்பவே பாவனாகிட்டச் சொல்லோணுமுங்க. அம்மாவைக் கல்நெஞ்சுக்காரின்னு நெனைச்சுட்டு இருப்பா” என்று கிளம்பினான்.

“உக்காருங்க தம்பி, நான் இன்னும் முடிக்கலை” என்று பூசாரி அவன் கையைப் பிடித்தார். “உங்கம்மா அந்தப் பக்கம் போனாங்க, இந்தப் பக்கம் உங்க சம்சாரம் வந்தாங்க. ‘கெடா துலுக்கலைன்னா எங்கத்தை ஒடைஞ்சு போயிருவாங்க பூசாரி. எப்படியாச்சும் துலுக்க வெச்சிருங்க, அந்தப் பாவம் எனக்கு வரட்டும்’னாங்க.”