சிவப்பில் ஒரு பெயர்

"எல்லார் பேரும் பச்சை. உங்க பேர் மட்டும் சிவப்பு. ஏன் பராசா இந்தப் பிடிவாதம்?"

நைரோபியின் அந்த மென்பொருள் நிறுவனத்தில் கணினிகளைப் பராமரிக்கும் முத்தேயு, தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். நிரலில் செய்யும் மாற்றங்களை எல்லாம் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளின் பழைய பதிப்பில், திருடர் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று இருந்தது. அனைவரும் புதியதை நிறுவியாக வேண்டும் என்பது வாடிக்கையாளரான வங்கியின் கட்டளை. நிறுவியவரின் பெயர் முத்தேயுவின் பட்டியலில் பச்சையாகும். மாலைக்குள் நிறுவாவிட்டால் பராசாவுக்கு வேலை இல்லை என்று மேலாளர் கிருயி அறிவித்துவிட்டார்.

பராசா எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டியைத் தேநீரில் தோய்த்தபடி, நிறுவிப் பார்த்துவிட்டுத்தான் நீக்கியதாகச் சொன்னான். எல்லோருடைய வேலையும் ஒரே பொதுக் கோப்புறையில் கிடக்கிறது. அது கிருயியின் பெயரில் இருப்பதால், பிறர் கோப்புறையைத் தொடாத புதிய பதிப்பு அதைத் திறக்க மறுக்கிறது. ஆளுக்கொரு பிரதி கொடுங்கள் என்று அவரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டதாம்.

"அப்ப மத்தவங்க மட்டும் எப்படித் திறக்கிறாங்க?"

"அதை அவங்ககிட்டக் கேளுங்கக்கா. என் கணினியைப் பத்தி மட்டும் என்கிட்டக் கேளுங்க."

அந்தக் கேள்வி முத்தேயுவை விடவில்லை. அடுத்த இருக்கையில் இருந்த அகோத்திடம் போனாள்.

"அவனுக்குப் பழசுன்னா உசிரு, அக்கா. போட்டிருக்கிற சட்டையைப் பாருங்க, அவங்கப்பா காலத்துது" என்று அகோத் சிரித்தாள்.

அகோத்தின் கணினியில் பொதுக் கோப்புறை தடையின்றித் திறந்தது. முத்தேயு அதனிடம் பதிப்பு எண்ணைக் கேட்டாள். புதிய எண்ணே வந்தது. புதிய பதிப்புக்கு மட்டுமே தெரிந்த கட்டளை ஒன்றை இட்டாள். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்றது கணினி.

அகோத்தின் சிரிப்பு நின்றது.

முத்தேயு தோண்டிப் பார்த்தாள். எண்ணைக் கேட்டால் புதிய எண்ணைச் சொல்வதற்கென்றே சின்னஞ்சிறு நிரல் ஒன்று வாசலில் நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் பழைய பதிப்பே உழைத்துக்கொண்டிருந்தது. அடுத்த மேசையிலும் அதே கதை. அதற்கடுத்த மேசையிலும். பொய் சொல்லப் பழக்கப்பட்ட இயந்திரங்கள் பச்சை உடுத்தி நிமிர்ந்திருக்க, உண்மை சொன்ன ஒன்றே சிவப்பில் குற்றவாளியாய் நின்றது!

"இதை யார் குடுத்தாங்க?"

கண்ணாடி அறைக்குள் கிருயி, பராசாவின் பணிநீக்க உத்தரவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அகோத் அந்தப் பக்கம் பார்க்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இது புதுசு, கோப்புறையும் திறக்கும்னு சொல்லி மேனேஜரே வந்து ஒவ்வொருத்தருக்கும் போட்டுக் குடுத்தாரு, அக்கா. பராசா ஒருத்தன்தான் வேண்டாம்னுட்டான்."