காலி டப்பா

“என்னாலதான் உன் கருமுட்டை பதினொண்ணையும் அவசர அவசரமா ஐஸ்ல வெச்சுட்டாங்க, பைரவி.”

“இருக்கட்டும். நம்ம சொந்தக்காரங்க மாதிரி அதுங்க அவசரப்படுத்தாது.”

விந்து கொடுக்க முடியாத ஆத்திரத்தில் மருத்துவமனை அறையின் கண்ணாடியைக் குத்தி உடைத்திருந்தார் என் கணவர். அவர் கையிலிருந்து சில்லுகளைப் பிடுங்கிக்கொண்டே அன்று அப்படிச் சொன்னேன்.

ஏழு மாதம் கழித்து அதே மருத்துவமனை, அதே அறை. அவர் கொடுத்தால்தான் முட்டைகளை ஐஸிலிருந்து வெளியே எடுப்பார்கள். உள்ளே ஸ்டூல் சுவரில் மோதி உடைந்தது. பிறகு தலையைக் கதவில் இடிக்கும் சத்தம், திரும்பத் திரும்ப. ஓடிவந்த நர்ஸை மறித்து நின்றேன்.

தாழ்ப்பாள் விலகியது. நெற்றியில் ரத்தம் வழிய, காலி டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

“அன்னைக்கே கேட்டிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. நீயும் உள்ளே வர்றியா?”