கேட் எப்ப வரும்?

“ரயில்வே கேட் எப்ப வரும், மெம்பர் அம்மா?”

கடைசி வரிசையிலிருந்து அந்தக் குரல் எழுந்ததும், சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் இருந்த சலசலப்பு சட்டென்று அடங்கியது. காபிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் தலையைக் குனிந்து கோப்பையையே பார்த்தார்கள்.

கென்டலுக்கு எரிச்சலாக வந்தது. அமெரிக்காவின் டகோட்டா சமவெளியில் ஒரு மூலையில் கிடக்கும் இந்த ஊருக்கு வந்து, இரும்புக் கடையை விலைக்கு வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடை வாசலில் சாலை பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்தது. சட்டசபைக் கூட்டத்தொடர் முடிந்ததும், என்னென்ன சட்டம் வந்தது, ஊருக்கு என்னென்ன வேலை நடக்கப்போகிறது என்று சொல்ல மாநிலச் சட்டசபை உறுப்பினர் மார்லிஸ் வருகிறார் என்று கேள்விப்பட்டு, கடையை அடைத்துவிட்டு ஓடி வந்திருந்தான்.

மார்லிஸ் நூலகக் கூரையைச் சொன்னார். முதியோருக்கான பஸ்ஸைச் சொன்னார். ஆம்புலன்ஸ் ஊழியர் சட்டத்தைச் சொல்லிவிட்டு, அப்போதுதான் சாலைக்கு வந்திருந்தார். அதற்குள் இந்த மனிதர்.

“வரிசையா சொல்லிட்டு வர்றேன், ஐயா. கொஞ்சம் பொறுங்க,” என்றார் மார்லிஸ், கையிலிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எனக்கு இப்பவே தெரியணும்.”

கென்டலால் பொறுக்க முடியவில்லை. “பெரியவரே, மத்தவங்களுக்கும் வேலை வெட்டி இருக்கு! உங்க ஒருத்தருக்காகவா இந்தக் கூட்டம்?”

ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டல்காரி லொரெய்ன் அவன் விலாவில் இடித்தாள்.

“வாயை மூடு, கென்டல்.”

“நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? யாரு அந்த ஆளு?”

“ஓரின். கோதுமை விவசாயி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து இதே கேள்வியைத்தான் கேப்பாரு.” லொரெய்ன் குரலைத் தாழ்த்தினாள். “தானியக் கிடங்குக்குப் பின்னாடி ரயில் பாதை போகுதுல்ல, அங்கதான் அவரோட பொண்ணு செத்துப் போனா. ஸ்கூல்ல கூடைப்பந்து மேட்ச் முடிஞ்சு தனியா கார் ஓட்டிக்கிட்டு வந்தா. ஒரே பனிப்புயல். ரயில் வந்தது கண்ணுக்கே தெரியல. கேட்டும் இல்ல, விளக்கும் இல்ல.”

கென்டலின் முகம் சுண்டிப் போயிற்று. “இதை யாராச்சும் எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“இந்த ஊர்ல யாருக்கு யார் சொல்றது? எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.”

மார்லிஸ் தாளைப் புரட்டினார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

“ரயில் கடவுப் பாதுகாப்புச் சட்டம். போன தடவையும் தோத்துச்சு, அதுக்கு முந்தின தடவையும் தோத்துச்சு. இந்தத் தடவை ரெண்டு சபையிலயும் நிறைவேறிடுச்சு. கவர்னரும் கையெழுத்துப் போட்டுட்டாரு. வர்ற மாசம் நம்ம ஊர்ல கேட்டும் சிவப்பு விளக்கும் போடறாங்க.”

யாரோ கைதட்ட ஆரம்பித்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

ஓரின் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் போட்டுக் கசக்கிக்கொண்டு நின்றார். “அந்தச் சட்டத்துக்கு ஒரு பேரு வச்சீங்களே. அதைச் சொல்லலையே?”

மார்லிஸ் தண்ணீர் குடித்தார். டம்ளரை மேசையில் வைத்தார்.

“பிரிட்டா சட்டம்.”

“காதுல விழல, அம்மா.”

“பிரிட்டா! பிரிட்டா சட்டம்!”

கூரைக் குழாய்களில் வெந்நீர் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. ஓரின் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். மார்லிஸ் அந்தப் பக்கமே திரும்பாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கென்டலின் கடை வாசல் சாலைக்கும் பணம் ஒதுக்கியிருந்தார்கள். அது அவன் காதில் ஏறவே இல்லை.

“பொண்ணைப் பறிகொடுத்தவர் நிக்கறாரு. ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?” என்று லொரெய்னிடம் முணுமுணுத்தான். “இந்த அம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?”

லொரெய்ன் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். காபிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

கூட்டம் கலைந்ததும் கென்டல் நாற்காலிகளை மடக்கி அடுக்க உதவினான். ஓரினிடம் மன்னிப்புக் கேட்காமல் வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது என்று தோன்றியது. வெளியே வந்தான். காற்று காதை அறுத்தது. வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே கிளம்பிப் போயிருந்தன. ஒரு பழைய பிக்கப் வண்டியின் அருகே ஓரின் நின்றிருந்தார். அவருக்கு எதிரே மார்லிஸ். இருவரும் அவனைக் கவனிக்கவில்லை.

அந்த அம்மாவிடம் சண்டைக்கு நிற்கிறாரோ என்று கென்டல் தயங்கினான்.

“இனிமே இப்படி எழுந்து நின்னு கேக்க வேண்டாம். என்னால தாங்க முடியல,” என்றார் மார்லிஸ். மேடையில் கேட்ட குரல் இல்லை அது. “அதான் கேட் வருதே.”

ஓரின் வண்டிக் கதவைத் திறந்து, மார்லிஸ் ஏறுவதற்காகப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டுக்காகவா நான் இத்தனை வருஷம் கேட்டேன்? இங்க வந்து கேட்டாத்தானே அவ பேரைச் சொல்றே. வீட்டுல ஒரு தடவைகூட நம்ம பொண்ணு பேரை நீ வாய்விட்டுச் சொன்னதில்லையே, மார்லிஸ்.”